போயிட்டு வரேன்

நியூசிலாந்தின் தென்தீவில் மலைநடைக்குப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. குழுவில் யார் ஆக மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். வலுவானவர்கள் முன்னே ஓடிப்போய்க் காத்திருக்கக் கூடாது. மெதுவாக நடப்பவர் முன்னால் போகவேண்டும், மற்றவர்கள் அவர் பின்னால். ஆற்றைக் கடக்கும்போது எல்லோரும் கைகோத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஏறியிருந்தால் யாரும் இறங்கக் கூடாது, ஒருவர்கூட.

போன பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேர் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் பக்கம் ஹாடன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனோம். ஆற்றங்கரையின் கூழாங்கல் படுகையில் மூன்று நான்கு மணி நேரம் நடந்தால் காட்டோரமாக ஒரு குடில் வரும். இந்த நாட்டில் இப்படி 900க்கும் மேற்பட்ட குடில்களை அரசு பராமரிக்கிறது. கதவுக்குப் பூட்டு கிடையாது. உள்ளே அடுப்பு, விறகு, மெத்தை போட்ட பலகைகள், ஒரு நோட்டு. நோட்டில் பெயரையும், அடுத்து எங்கே போகப்போகிறோம் என்பதையும் எழுதவேண்டும். காணாமல் போனால் தேடுவதற்கு அது வேண்டும். கிளம்பும்போது நாம் எரித்த அளவு விறகை வெட்டி உள்ளே அடுக்கிவிட்டுப் போவது வழக்கம். அடுத்து வருபவர் நனைந்து வரலாம்.

எங்களில் மெதுவாக நடந்தவள் என் தோழி. முழங்கால் வலி. இரண்டாவது மணி நேரத்தில் அவள், "நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா வந்துடறேன்" என்றாள். எல்லோரும் விதியைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நெஞ்சு அடைத்தது. என் வீட்டில் எழுபது வருடமாக யாரும் வாயைத் திறந்து சொல்லாத வாக்கியம் அது.

என் ஆயா இன்சீனில் பிறந்தவள். ரங்கூனுக்கு வடக்கே, ப்ரோம் போகும் ரயில் பாதையில் இருக்கிற ஊர். இப்போது உலகத்துக்கு அந்தப் பேர் 1887இல் கட்டிய சிறையால் தெரியும். ஆயாவுக்கு அது ரயில்வே பட்டறை ஊர். அவளுடைய அப்பா, என் கொள்ளுத்தாத்தா, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போய் அந்தப் பட்டறையில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயமில்லை. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேல் இந்தியர்கள், ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல். பட்டறையின் காலைச் சங்கு கேட்டுத்தான் இட்லிப்பானை இறங்கும் என்று ஆயா சொல்வாள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். சனங்கள் இன்சீன் வழியாக ப்ரோம் ரோட்டில் வடக்கே நடந்தார்கள். துறைமுகக் கூலிகள், துப்புரவு வேலை செய்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள். அவர்கள் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும் என்று அரசு அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தது. யுத்தத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். ரயில்வேக்காரர்களும் அப்படித்தான், வேலையை விட்டு நகர முடியாது. பிப்ரவரி 20க்குப் பிறகு நகரத்தையே காலி செய்யச் சொன்னபோதுதான் கொள்ளுத்தாத்தா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மாந்தளை போகும் சரக்கு வண்டியில் ஏறினார். ஆயாவுக்கு அப்போது பதினோரு வயசு.

மாந்தளையில் முகாம். பிறகு மோனிவா. அங்கிருந்து சின்ட்வின் ஆற்றில் படகு, கலேவாவில் இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் கால்தான். கபாவ் பள்ளத்தாக்கு வழியாகத் தம்மு வரைக்கும் தேக்கங்காடு. மலேரியாவுக்குப் பேர்போன இடம், அந்த யுத்தத்தில் சிப்பாய்கள் அதைச் சாவுப் பள்ளத்தாக்கு என்றே கூப்பிட்டார்கள். தம்முவில் பர்மா முடிகிறது. அங்கிருந்து மலை ஏறி இறங்கினால் மணிப்பூரில் பாலேல், அதற்கப்புறம் இம்பால், திமாப்பூர், ரயில். தாவுங்கூப் கணவாய் வழியாக அரக்கானுக்குப் போனவர்களும் உண்டு. மே மாதத்துக்குப் பின் ஹூக்காங் பள்ளத்தாக்கில் மழையில் மாட்டிக்கொண்டவர்கள் கதை இன்னும் மோசம். எல்லாப் பாதையிலுமாகச் சேர்த்து நான்கு, ஐந்து லட்சம் பேர் நடந்தார்கள். இறந்தவர்கள் 10,000 என்பவர்கள் இருக்கிறார்கள், 50,000 என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 40,000 பேரைச் சரித்திரம் எண்ணக்கூட இல்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நடந்தவர்களில் வெ. சாமிநாத சர்மா இருந்தார். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர். அவர் எழுதி வைத்ததால்தான் தமிழில் அந்தப் பயணத்துக்கு ஒரு புத்தகமாவது இருக்கிறது. பட்டறைக்காரர்களும் கூலிகளும் எழுதவில்லை. அவர்கள் சொல்லவும் இல்லை. அது வேறு காரணம்.

ஆயா 2011இல் சொன்னாள். வியாசர்பாடி வீட்டில், மின்சாரம் போன ஒரு மத்தியானம். நான் கேட்கக்கூட இல்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வழக்கம்போல அடியில் ஒரு வாய் தண்ணீரை விட்டுவைத்தாள். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். மெட்ராஸில் லாரித் தண்ணீர் பிடித்த காலத்தில் அம்மா அதற்காக அவளைத் திட்டியிருக்கிறாள். "ஏன் ஆயா மிச்சம் வைக்கிறே?" என்று சும்மா கேட்டேன்.

தம்மு தாண்டி மலைப்பாதையில் இரண்டாம் நாள். அவளுடைய அப்பாயி, கொள்ளுத்தாத்தாவின் அம்மா, வாந்தியெடுக்க ஆரம்பித்தாள். கொள்ளுத்தாத்தா ஒரு தோளில் கைக்குழந்தையையும் இன்னொரு பக்கம் மூட்டையையும் சுமந்தவர். கொஞ்ச தூரம் அம்மாவைத் தூக்கினார், இறக்கினார், தூக்கினார். சரிவில் ஒரு மூங்கில் குடிசை இருந்தது. வழிப்போக்கர்களுக்காக யாரோ போட்டது. உள்ளே ஏற்கெனவே நான்கைந்து பேர் படுத்திருந்தார்கள். அப்பாயிதான் சொன்னாளாம், "நீங்க முன்னால போங்கப்பா. நான் செத்த படுத்துட்டு வந்துடறேன்."

குடும்பத்தில் மொத்தம் ஒரு தூக்குவாளித் தண்ணீர் இருந்தது. அது ஆயாவின் கையில். கொள்ளுத்தாத்தா அவளிடம், "தூக்க அப்பாயிகிட்ட வச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பிறகு வாசலில் நின்று, "போயிட்டு வரேன் ஆத்தா" என்றார். ஆயா உள்ளே போனாள். ஒரு கொட்டாங்கச்சியில் பாதித் தண்ணீரை ஊற்றி அப்பாயி பக்கத்தில் வைத்தாள். தூக்குவாளியை மூடி, தாவணிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் அதைத் திறந்தபோது அவளுடைய அப்பா ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்குக் கொடுத்தார். அவரும் குடித்தார்.

அந்தக் குழந்தை பிழைத்தது. என் சின்னத்தாத்தா. எண்பது வயது வரைக்கும் இருந்தார்.

நான் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். "ஆயா, நீ அப்போ சின்னப் பிள்ளை. உன் மேல என்ன தப்பு இருக்கு?"

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. "அப்ப யாரு மேலடி?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு மேலயும் தப்பு இல்லன்னா, அப்பாயி சும்மா செத்துப்போச்சுன்னு ஆயிடும்ல?"

இதற்குப் பதில் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பிறகு படித்தேன், ஏனென்றால் நாங்கள் படிக்கவைக்கப்பட்ட தலைமுறை. பதில் புத்தகத்தில் இருக்கும் என்று நம்புகிறவர்கள்.

அப்ப யாரு மேல? முதல் பதில் சுலபம். தம்முவிலிருந்து பாலேல் போக எல்லோருக்கும் ஒரே வழி கொடுக்கப்படவில்லை. முகாமும் உணவும் தண்ணீரும் இருந்த பாதை வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும், கஷ்டமான மலைப்பாதை இந்தியர்களுக்கு என்று பிரித்தார்கள். வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை என்று பேரே வந்துவிட்டது. இந்திய அரசின் நிர்வாகக் குழுவில் வெளிநாட்டு இந்தியர் துறையைப் பார்த்த எம்.எஸ். ஆனே நேரில் போய்ப் பார்க்கும் அளவுக்கு விஷயம் பெரிதானது. காந்தி 'ஹரிஜன்' இதழில் இந்த இரண்டு வழிகளைப் பற்றிக் கோபமாக எழுதினார். அரசுத் தரப்பில் விளக்கங்கள் சொல்லப்பட்டன. பர்மாவின் கவர்னர் மே முதல் வாரத்தில் மிச்சினாவிலிருந்து விமானத்தில் ஏறி இந்தியா போய்ச் சேர்ந்தார்.

ஆகவே ஆயாவின் தூக்குவாளியில் அரைவாசித் தண்ணீர்தான் இருந்தது என்பது விதியின் வேலையல்ல, யாரோ மேசையில் உட்கார்ந்து வழியைப் பிரித்ததன் விளைவு. இதை நான் அவளிடம் போய்ச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டாள். "அப்படியா, தண்ணி இருந்த வழி ஒண்ணு இருந்துச்சா" என்றாள். அதைக் கேட்டதில் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. புதுத் துக்கம் ஒன்று வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஏனென்றால் அந்த முதல் பதில் உண்மை, ஆனால் அவளுடைய கேள்விக்குப் பதில் அல்ல. வழியைப் பிரித்தவன் குடிசைக்குள் இல்லை. கொட்டாங்கச்சியை வைத்தது அவள் கை.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. வியாசர் இருந்த ஊர் என்பதால் அந்தப் பேர் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே பாரதப் பிரசங்கம் நடக்கும்போது ஆயா தவறாமல் போவாள். கடைசி நாள் கட்டத்தில் மட்டும் எழுந்து வந்துவிடுவாள். பாண்டவர்கள் ராஜ்ஜியத்தை விட்டுவிட்டு வடக்கே மலையேறும் கட்டம். முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன். தருமன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் விழும்போதும் பீமன் காரணம் கேட்கிறான், அவனும் ஒரு காரணம் சொல்கிறான். அவளுக்கு அர்ஜுனன் மேல் தனிப் பிரியம், இவனுக்குத் தன் அறிவில் கர்வம், அவனுக்கு அழகில், இப்படி. "விழுந்தவங்க மேல தப்பு சொல்லிட்டு நடந்து போயிட்டான் பாரு" என்பாள் ஆயா. தப்பு யார் மேல் என்பதைப் பற்றி அவள் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறாள் என்பது எனக்குத் தூக்குவாளிக் கதைக்குப் பிறகுதான் உறைத்தது. தருமன் செய்ததும் நாங்கள் ஆயாவுக்குச் செய்ததும் ஒன்றுக்கொன்று நேரெதிர் மாதிரித் தெரியும். அவன் விழுந்தவர்கள் மேல் பழி போட்டான், நாங்கள் நடந்தவள் மேலிருந்து பழியை எடுத்தோம். இரண்டிலும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. இரண்டிலும் விழுந்தவருக்கு நாம் தரவேண்டியது ஒன்றுமில்லை.

அதே தருமன் நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறமாட்டேன் என்கிறான். சொர்க்கம் போன பிறகு தம்பிகளின் குரல் நரகத்திலிருந்து கேட்கும்போது நான் இங்கேயே இருக்கிறேன் என்று நின்றுவிடுகிறான். இந்த இடத்தை ஆயா ஒத்துக்கொள்வாள். "அப்பதான் அவனுக்குப் புத்தி வந்துச்சு."

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1970களில் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதினார். ஓட்டுநர் மேல் தவறே இல்லை, குறுக்கே வந்த குழந்தை அடிபட்டு இறந்துவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் உன் மேல் தப்பில்லை என்று தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் உடனே, ஆமாம், என் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனால் நமக்கு உறுத்தும். பார்த்துக்கொண்டு நின்றவனின் வருத்தமும் ஓட்டியவனின் வருத்தமும் ஒன்றல்ல என்கிறார் அவர். செய்தவனுக்கென்று ஒரு வருத்தம் தனியாக இருக்கிறது, அதற்குக் குற்றம் தேவையில்லை.

இதைப் படித்தபோது தமிழில் இதற்கு வார்த்தை தேடினேன். தப்பு இல்லை. குற்றம் இல்லை. பழி மற்றவர்கள் போடுவது. மிஞ்சியது பாவம். நம் மொழியில் அந்த ஒரு சொல்தான் இரண்டு வேலை செய்கிறது. செய்தவன் சுமப்பதும் பாவம், பட்டவரைப் பார்த்து நாம் சொல்வதும் பாவம். ஆயா அப்பாயியைப் பற்றிப் பேசும்போது "பாவம்" என்றால் எந்தப் பாவத்தைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் பிரித்துச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இப்போது தெளிவு. அந்த வருத்தத்தை அவளிடமிருந்து எடுத்துவிட நான் முயன்றது அன்பினால்தான், ஆனால் நான் எடுக்கப்பார்த்தது அப்பாயிக்கும் அவளுக்கும் மிச்சமிருந்த ஒரே உறவை. அந்த வருத்தம் இல்லையென்றால் அந்தக் கிழவியை இந்த உலகத்தில் நினைத்துக்கொள்ள யாருமில்லை. குடும்பத்தில் அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது, ஆயாவைத் தவிர. தேற்றுவதற்கு முன் நாம் கேட்கவேண்டியது, தேறியபின் இவரிடம் என்ன மிஞ்சும் என்பது. இதற்காக வருத்தத்தைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. எழுபது வருடம் ஒரு பெண் தண்ணீரை முழுசாகக் குடிக்கவில்லை, அதில் புனிதம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாவம் சரியாகப் பங்குபோடப்படவில்லை. 1942 பிப்ரவரியில் ரங்கூனைக் காலி செய்யும் குழப்பத்தில் சிறைக் கைதிகளையும் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களையும் திறந்துவிட உத்தரவிட்ட அதிகாரி ஒருவர் பின்னால் தற்கொலை செய்துகொண்டார் என்று அந்த நாட்களை எழுதிய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மற்றவர்களில் எத்தனையோ பேர் ஓய்வூதியம் வாங்கி, தோட்டம் போட்டு, நினைவுக்குறிப்பு எழுதினார்கள். தண்ணீர் இருந்த வழியை யாருக்கு என்று முடிவு செய்தவர்களின் பங்கையும் சேர்த்து ஒரு பதினோரு வயசுப் பெண் சுமந்தாள். அவளுடைய பங்கை நான் குறைக்கமாட்டேன், அவள் சம்மதிக்கமாட்டாள். அவர்களுடைய பங்கை அவர்கள் பெயரில் எழுதிவைக்கலாம். அதுதான் நம்மைப் போலப் படித்தவர்களின் வேலை என்று நினைக்கிறேன்.

தமிழில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாது. போயிட்டு வரேன் என்றுதான் சொல்லவேண்டும். கொள்ளுத்தாத்தா அந்தக் குடிசை வாசலில் பொய் சொன்னாரா? இதை நாங்கள் வீட்டில் விவாதித்திருக்கிறோம். அம்மா அது பொய்யில்லை, வழக்கம் என்பாள். என் தம்பி, அது இரண்டு பேருக்கும் தெரிந்த பொய், அதனால் பொய்யில்லை என்பான். ஆயாவிடம் கேட்டபோது அவள், "அவரு வரத்தான் நினைச்சாரு" என்றாள். 1946இல் குடும்பம் திரும்பவும் இன்சீனுக்குப் போனது உண்மை. ஆனால் கப்பலில். மலை வழியாக யாரும் போகவில்லை.

அந்த இன்சீனும் நிலைக்கவில்லை. 1962இல் நே வின் ஆட்சிக்கு வந்தார், கடைகள் அரசுடைமையாயின, 1964 மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கில் இந்தியர்கள் கப்பலேறினார்கள். ஆயா மூன்று பிள்ளைகளோடு மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கி வியாசர்பாடிக்கு வந்தாள். மெட்ராஸ் பிடிக்காத சிலர் திரும்பிப் போக நினைத்தார்கள். இம்பால் போய், அங்கிருந்து எல்லை தாண்டி, நடந்தே பர்மாவுக்கு. அதாவது 1942இல் வந்த அதே வழியில், எதிர்த்திசையில். பர்மிய அதிகாரிகள் விடவில்லை. எல்லையிலேயே தங்கிவிட்டார்கள். மணிப்பூரின் மோரே ஊரில் தமிழ்ச் சங்கமும் அம்மன் கோயிலும் வந்தது அப்படித்தான். மோரேவுக்கு எதிரே கண்ணுக்குத் தெரிகிற ஊர் தம்மு.

ஆயாவின் நாத்தனார் குடும்பம் அப்படிப் போனது. அவளையும் கூப்பிட்டார்களாம். அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்த வழியா போனா நின்னு பாக்கணும்ல" என்றாள்.

நான் மோரேவுக்கு ஒருமுறை, 2018இல் போனேன். பாலேலிலிருந்து ஜீப்பில் மலை ஏறி இறங்க இரண்டரை மணி நேரம். வளைவுகளில் மூங்கில் புதர்கள். அவற்றில் எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. கூட வந்தவர்கள் இட்லிக் கடையில் பர்மா நூடுல்ஸ் கிடைப்பதைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். 2021இல் பர்மாவில் ராணுவப் புரட்சி, 2023இல் மணிப்பூரில் கலவரம். அந்த வழியில் மறுபடியும் சனங்கள் மூட்டையோடு நடக்கிறார்கள். இன்சீன் சிறையும் நிரம்பி வழிகிறது.

ஹாடன் குடிலில் அன்று இரவு ஆற்றின் சத்தத்தில் எனக்குத் தூக்கமில்லை. குழுவின் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகம் என்ற விதி நல்ல விதி. ஆனால் அது உணவும் தண்ணீரும் நாளும் கையில் இருக்கிறவர்களின் விதி. 1942இல் அதைக் கடைப்பிடித்திருந்தால் நான் இல்லை. அம்மா இல்லை, சின்னத்தாத்தா இல்லை. அந்த விதியை மீறியதில் கிடைத்தவள்தான் அதைக் கடைப்பிடித்துக்கொண்டு இங்கே படுத்திருக்கிறேன். இந்தக் கணக்கைத் தோழிகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லவில்லை.

காலையில் விறகு வெட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டேன், போதும் வா என்று கூப்பிட்டார்கள். நோட்டில் ஐந்து பேரின் பெயரையும் எழுதி, வந்த வழியே திரும்புகிறோம் என்று எழுதினேன். முழங்கால் வலிக்காரி முன்னால் நடந்தாள். ஒவ்வொரு தண்ணீர்க் கடப்பிலும் நின்றோம், கைகோத்தோம். மூன்று மணி நேரத்து நடை ஆறு மணி நேரமானது. ஒருவர் மாலையில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கார் நிறுத்திய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் முழுசாக இறங்கிவிட்டது.